நாலு விரல் இடைவெளி

காலை எட்டு மணிக்கு ரிப்பேர் ஷெட்டின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த அண்ணன், அன்றைய முதல் வார்த்தையைக் காரிடம்தான் பேசினார்.

"நாலு மணிக்கு வேன் வருது. அதுக்குள்ள என் பக்கத்து வேலை முடிஞ்சிரும். ஒயர் வேலை முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரியாது."

காருக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த தங்கையும் தலையைத் தூக்கவில்லை. அவளும் காரிடமே பதில் சொன்னாள்.

"ஒயர் வேலை எங்கேயும் ஓடிப் போகல. போறவங்க தாராளமாப் போகட்டும்."

ஆறு வாரமாக இப்படித்தான். நேருக்கு நேர் ஒரு சொல் கிடையாது. பேச வேண்டியதையெல்லாம் அந்த மஞ்சள் காரிடம் சொன்னார்கள். அதற்குக் காது மட்டும் இருந்திருந்தால், இந்த ரெண்டு பேரோடும் மாரடிக்க முடியாது என்று தானாகவே ஸ்டார்ட் ஆகி எங்காவது போயிருக்கும்.

ஆனால் தானாக ஸ்டார்ட் ஆகாததுதான் அதன் வியாதி. ரெண்டே கதவு, நீள மூக்கு, எட்டு சிலிண்டர். ஐம்பது வயதைத் தாண்டிய வண்டி. சும்மா நின்று ஓடினாலே ஷெட்டின் தகரக் கூரை நடுங்கும். சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். பல் பிடுங்குவதே தெரியாத அளவுக்குக் கை மெதுவானது என்று பெயர் எடுத்தவர். இந்தக் கார் விஷயத்தில் மட்டும் மனிதருக்கு நிதானமே கிடையாது. எங்கோ ஒரு கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியைக் கண்டுபிடித்து இழுத்து வந்து, "புதுசு மாதிரி பண்ணிக் குடுங்க" என்று இவர்களிடம் விட்டிருந்தார்.

இவர்கள் என்றால், இன்ஜின் பார்க்கும் அண்ணன், ஒயரிங் பார்க்கும் தங்கை. தெருக்காரர்கள் அண்ணனைப் போல்ட்டு என்றும் தங்கையை ஒயரம்மா என்றும் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், ரெண்டு பேரும் கோபித்துக்கொண்டதில்லை. ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. மாடியில் தங்கையும் அவள் கணவரும். கீழே ஒற்றை அறையில் அண்ணன், கல்யாணம் ஆகாதவர். சமையல் ஒன்றாகத்தான் இருந்தது, ஆறு வாரத்துக்கு முன்னால் வரை.

ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. முன்னொரு காலத்தில் ஒரு லாரியின் ஹாரனை யார் கழற்றிப் பார்ப்பது என்று அண்ணனும் தங்கையும் ரெண்டு நாள் சண்டை போட்டதில் பிறந்த சட்டம். திருகுவது எதுவானாலும் அண்ணனுக்கு, கரண்ட் ஓடுவது எதுவானாலும் தங்கைக்கு. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது. சட்டம் வந்த பிறகு சண்டை வரவில்லை. நல்ல சட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தங்கையின் கணவர் ஒரு பேக்கரியில் ரொட்டி வண்டி ஓட்டுபவர். விடிகாலையில் அறுபது கடைக்கு ரொட்டி போட்டுவிட்டு வந்து, மத்தியானம் ஷெட்டில் உட்கார்ந்து எல்லோரையும் கேலி பண்ணுவார். பெரிய வண்டிகளைச் சோதனை ஓட்டம் ஓட்டுவது அவர் பொறுப்பு. கை தேர்ந்த ஓட்டுநர்.

ஆறு வாரத்துக்கு முன்னால் மஞ்சள் காரை முதல்முறை வெளியே எடுத்தார். பல தடவை சாவியைத் திருப்பித்தான் ஸ்டார்ட் பண்ண முடிந்தது, ஆனாலும் நன்றாகத்தான் போனார். திரும்பி வந்து ஷெட்டு முன்னால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோது மிதி திரும்பி மேலே வரவில்லை. மாட்டிக்கொண்டது. எட்டு சிலிண்டரும் ஒரே கத்தலாகக் கத்த, எதிரே இருந்த டீக்கடையில் ஐந்தாறு பேர் நிற்பதைப் பார்த்து, ஸ்டியரிங்கை ஒடித்து ஷெட்டின் சொந்தச் சுவரிலேயே கொண்டு போய் மோதினார். டீக்கடையில் ஒரு கிளாஸ்கூட உடையவில்லை. அவர் வலது கால் ரெண்டு இடத்தில் முறிந்தது.

கழற்றிப் பார்த்தால், ஆக்ஸிலேட்டர் கேபிளுக்குள் இருந்த பிளாஸ்டிக் உருகிக் கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது. கேபிளை மாட்டியவர் அண்ணன். பக்கத்தில் போவது சூடான புகைக்குழாய். குழாயை ஒட்டி மாட்டிவிட்டார், சூட்டில் உருகிவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

"நாலு விரல் இடைவெளி விட்டுத்தான் மாட்டினேன்" என்று அண்ணன் சொன்னார். விரலை வைத்துக் காட்டக்கூட இடமில்லை. மோதியதில் முன்பக்கம் எல்லாம் நசுங்கி, எது எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் முன்னால் தங்கை சொன்னாள்: "என் புருஷனைக் கொல்லப் பாத்துட்டு, நாலு விரலு அஞ்சு விரலுன்னு கதை சொல்றியா? இனிமே என் வீட்டுல நீ இருக்கக் கூடாது."

அண்ணன் எங்கோ தூரத்து ஊரில் பம்புசெட்டு ரிப்பேர் பார்க்கும் கடை ஒன்றில் வேலைக்குப் பேசினார். டாக்டரின் கார் முடிகிறவரை இருப்பேன், முடிந்த அன்றைக்கே கிளம்பிவிடுவேன் என்று காரிடம் சொன்னார். அந்த நாள்தான் இது.

நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி எடுத்து, பெயிண்ட் அடித்தாகிவிட்டது. அண்ணன் புதுக் கேபிள் மாட்டியிருந்தார். இந்த முறை ஐந்து விரல் இடைவெளி. மாட்டி முடித்ததும் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, விரலை வைத்துக் காட்டிச் சாட்சிக்கு நிறுத்தினார். டீக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆமாப்பா, அஞ்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் கார் சரியாகவில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் நோயாளி போல முனகி முனகிச் சுற்றுகிறது. முன் விளக்கைப் போட்டால், விளக்குக்கும் வெப்பத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதுபோல, வெப்பம் காட்டும் முள் மேலே ஏறுகிறது. காருக்குள் இருக்கிற காற்றாடியைப் போட்டால் விளக்கு மங்குகிறது. தங்கை மூன்று நாளாக ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எந்த ஒயரையும் நம்புகிறவள் இல்லை. நேற்று அவளே போட்ட ஒயராக இருந்தாலும் இன்றைக்கு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

மாடி ஜன்னலிலிருந்து அவள் கணவரின் குரல் வந்தது. கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்து, ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போட்டு, நாள் முழுக்க ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு இப்போது உத்தியோகம்.

"ஏம்மா, ஸ்டார்ட்டர் மோட்டாரை மாத்திட்டியா?"

"மாத்தியாச்சு. புதுசும் முனகுது."

"பாட்டரி?"

"பாட்டரி நல்லா இருக்கு. நீங்க படுங்க."

"படுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். உன் அண்ணன் என்ன பண்றாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

அண்ணன் ரெண்டு முழ தூரத்தில் நின்று கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கார்புரேட்டர் துடைக்கறேன்னு சொல்லு" என்று காரிடம் சொன்னார். கார் யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மணிக்குப் பல் டாக்டர் வந்தார். கிளினிக்குக்குப் போகிற வழி. வெள்ளைச் சட்டை கறை பட்டுவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்.

"இன்னைக்குக் கிடைச்சிருமா?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க டாக்டர்" என்றாள் தங்கை.

"ஸ்டார்ட் ஆகுதா?"

"ஆகும்."

"நீங்க ஆகும்னு சொல்றப்போ உங்க அண்ணன் வேற பக்கம் பாக்குறாரே." டாக்டர் சிரித்தார். யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "பாட்டரியை முன்னாடி வச்சா அசிங்கமா இருக்குன்னு நான்தான் பின்னாடி டிக்கிக்கு மாத்தச் சொன்னேன். அதனால ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. தடியான ஒயரா போட்டு இழுத்திருக்கேன். மீட்டர் வச்சுப் பாத்துட்டேன்."

டாக்டர் மாடி ஜன்னலைப் பார்த்துக் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இருக்கிறது என்று பதில் வந்தது. டாக்டர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஷெட்டுக்குள் புழுக்கம். தங்கை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். முனகல். விட்டாள். திருப்பினாள். பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க அண்ணன் பானட்டுக்குள் தலையை விட்டு, ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்திருந்தார். அவர் வேலைக்கும் இன்ஜின் சுற்ற வேண்டும், அவள் வேலைக்கும் சுற்ற வேண்டும். பேசாமலே ஒத்துப்போகிற பழக்கம் இருபது வருஷமாக இருந்தது.

ஆறாவது தடவை திருப்பியபோது அண்ணன் "அய்யோ" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"என்ன மச்சான், என்ன ஆச்சு?" ஜன்னலிலிருந்து கணவர் கத்தினார். அவரும் ஆறு வாரமாக மச்சானிடம் பேசாதவர்தான். பதற்றத்தில் மறந்துவிட்டார்.

அண்ணன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பார்த்தார். சிவந்து கோடு விழுந்திருந்தது. பிறகு இடது கையைப் புகைக்குழாயின் மேல் வைத்தார். நன்றாக அழுத்தியே வைத்தார்.

"குழாய் ஜில்லுன்னு இருக்கு" என்றார். "இன்ஜின் இன்னும் பத்தவே இல்ல. குழாய் ஜில்லுன்னு இருக்கு. கேபிள் மட்டும் எப்படிச் சுடுது?"

இதைக் காரிடம் சொன்னாரா அவளிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. தங்கை இறங்கி வந்து கேபிளைத் தொட்டாள். சூடு. குழாயைத் தொட்டாள். அண்ணன் சொன்ன மாதிரியே ஜில்லென்று இருந்தது.  கரண்ட் ஓடாத இடத்தில் இப்படிச் சூடு வராது என்று அந்த ஷெட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் கையைத் தண்ணீரில் நனைக்கப் போனார்.

அவர் போன பிறகு மீட்டரை எடுத்தாள். ஒரு முனையை இன்ஜினில் வைத்துக் கவ்வவிட்டாள். இன்னொன்றைக் காரின் பாடியில். ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட அவளிடம் ஒயர் நீட்டிய ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினாள். ரெண்டு இரும்புக்கும் நடுவில் ஒன்றும் காட்டக் கூடாது. மீட்டர் நாலரை வோல்ட் காட்டியது.

பாட்டரியிலிருந்து போகிற கரண்ட் பாட்டரிக்கே திரும்பி வந்தாக வேண்டும். பாட்டரி டிக்கியில். அதன் திரும்புகிற ஒயர் பாடியில் மாட்டியிருக்கிறது. இன்ஜினோ ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாடியைத் தொடாமல். ரெண்டையும் இணைக்க, இன்ஜினுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குச் செம்புக் கம்பியால் பின்னிய பட்டை ஒன்று இருக்கும். எர்த் பட்டை. இந்தப் பக்கம் ஒரு போல்ட், அந்தப் பக்கம் ஒரு போல்ட்.

டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பட்டை இல்லை. அது இருக்க வேண்டிய ஓட்டையில் ஒரு சின்ன ரப்பர் மூடி அழகாகச் செருகியிருந்தது.

பட்டை எங்கே என்று தேட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய செம்பு போட்டு வைக்கிற டப்பாவில் கையை விட்டாள். மூன்றாவதாகக் கையில் வந்தது அதுதான். நாலு மாசத்துக்கு முன்னால், இன்ஜின் வெளியே இருந்தபோது, பெயிண்ட் அடிப்பதற்காக அவளே கழற்றிப் போட்டது. பிறகு பாட்டரியை டிக்கிக்கு மாற்றியபோது அதைப் பற்றி நினைத்தாள். நினைக்காமல் இல்லை. இன்ஜினை இறக்கும்போது அண்ணன் போல்ட் போடுவாரே, அவர் மாட்டிவிடுவார் என்று நினைத்தாள். சட்டப்படி சரிதான்.

பட்டை இல்லாத கரண்ட் வேறு வழி பார்த்திருக்கிறது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற மெல்லிசான இரும்பு வழி ஒன்றுதான், ஆக்ஸிலேட்டர் கேபிள். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் அது சூடாகிச் சூடாகி, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கை உருக்கி, கடைசியில் ஒரு நாள் கவ்விக்கொண்டது.

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அது விழுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. தங்கை பட்டையைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் இதில் அவளுக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. அப்போதே அண்ணன் அறைக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். தட்டவில்லை. சோறு வடித்தாள். பருப்பு வைத்தாள். முட்டை உடைத்து ஊற்றினாள்.

கணவர் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"பேக்கரியிலேந்து ஆள் வந்திருந்தான், நீ கீழே இருந்தப்போ" என்றார். "தற்காலிகமா ஓட்டற ஆள் ஞாயித்துக்கிழமையோட நின்னுக்கறானாம். நம்ம சார்புல ஒரு ஆள் குடுக்கலைன்னா அறுபது கடையையும் வேற ஒருத்தனுக்கு மாத்திருவாங்களாம். அப்புறம் கால் சரியானாலும் எனக்கு வண்டி கிடையாது."

"வேற யாரையாவது கேக்கலாம்."

"விடிகாலை மூணு மணிக்கு எந்திரிச்சு, எனக்காக எவன் ஓட்டுவான்?" கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "மச்சானுக்குக் கை சுட்டுச்சே, மருந்து போட்டாரா?"

"தெரியாது."

"கேபிள் எதனால சுட்டுச்சாம்?"

அவள் பருப்புப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. 

அவள் மனசில் ஓடியது இதுதான். பட்டையை மாட்டிவிட்டால் கார் சரியாகிவிடும். நாலு மணிக்கு வேன் வரும், அண்ணன் போய்விடுவார். கேபிள் விஷயம் யாருக்கும் தெரியாது. அவருக்குக் கரண்ட் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கேட்டால் ஒரு ஒயர் உரசியது என்று சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் அண்ணன் போகிறார், வாழ்நாளெல்லாம் ஒரு மனிதனின் காலை உடைத்தவர் என்ற பெயரோடு. சொன்னால், மாடியில் படுத்திருக்கிற புருஷனின் காலை உடைத்தது அவள்.

மழை விட்டபோது மணி ரெண்டு. இறங்கிப் போய், பாடியில் அந்த இடத்துப் பெயிண்டை இரும்பு பளபளக்கச் சுரண்டினாள். ரப்பர் மூடியைப் பிடுங்கி எடுத்தாள். பழைய பட்டை நைந்திருந்தது, அதனால் தடித்த புதுப் பட்டை ஒன்றை வெட்டி, ரெண்டு முனையிலும் போல்ட் போட்டு இறுக்கினாள். தன் கையாலேயே இறுக்கினாள். சட்டத்தைப் பார்க்காமல் அவள் இறுக்கிய போல்ட்டுகள் அவை.

சாவியைத் திருப்பினாள்.

முனகல் இல்லை. ஒரே உதறலில் எட்டு சிலிண்டரும் பிடித்துக்கொண்டன. தகரக் கூரை அதிர்ந்து மழைத் தண்ணீர் ஓரங்களில் கொட்டியது. விளக்கைப் போட்டாள். முள் அசையவில்லை. காற்றாடியைப் போட்டாள். விளக்கு மங்கவில்லை. கேபிளைத் தொட்டாள். வெறும் இரும்பு. மூன்று நாள் அலைக்கழித்த அத்தனை வியாதிக்கும் ஒரு சாண் பட்டை.

அண்ணன் அறையிலிருந்து ஓடி வந்தார். துணி மடித்துக்கொண்டிருந்திருப்பார் போல, கையில் பாதி மடித்த சட்டை. இன்ஜினின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் தலை சாய்த்துக் கேட்டார். அவருக்குத் தெரியாதது கரண்ட்தான், சத்தம் தெரியும்.

"என்ன பண்ணினே?"

ஆறு வாரத்தில் அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. தங்கை இன்ஜினை அணைத்தாள். சின்னதாகச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிடலாம் என்று அதுவரை நினைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"எர்த் பட்டை இல்ல. போட்டேன்."

"எது, பின்னாடி இருக்குமே, பின்னல் பட்டை? அதுவா?"

"அதுதான். பெயிண்ட் அடிக்கறப்போ நான் கழட்டினேன். இன்ஜினை இறக்கறப்போ நீ மாட்டிருவேன்னு நினைச்சேன்."

"நானா? அது கரண்ட் ஓடறது. உன் சாமான்."

"ரெண்டு பக்கமும் போல்ட்டு."

அண்ணன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த ஓட்டையை நான் பாத்தேன்" என்றார் மெதுவாக. "காலியா இருந்துச்சு. மழைத் தண்ணி உள்ளே போகுமேன்னு ரப்பர் வச்சு அடைச்சேன். என்ன ஓட்டைன்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அப்ப நாம பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்."

"நீ பங்குக்கு வராதே. பாட்டரியைப் பின்னாடி மாத்தினது நான். பட்டை இல்லாட்டி கரண்ட் வேற வழி தேடும்னு தெரிஞ்சவ நான். அது உன் கேபிள் வழியாப் போயிருக்கு. உள்ளே உருகிக் கம்பியைப் பிடிச்சிருக்கு. குழாய் சூட்டுல ஒண்ணும் ஆகல."

"அப்போ நாலு விரல்?"

"இருந்திருக்கும்."

"இருந்திருக்கும் இல்ல. இருந்துச்சு."

"இருந்துச்சு" என்றாள் தங்கை.

அண்ணன் கார் ஓரமாக இருந்த டயரில் உட்கார்ந்தார். கட்டைவிரலில் வந்திருந்த கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"உன் கை சுட்டப்பவே."

"அது பதினொரு மணி."

"ஆமா."

"இப்ப மணி ரெண்டரை."

"ஆமா."

"இன்னும் ஒன்றரை மணி நேரம் பொறுத்திருந்தா நான் போயிருப்பேன்."

தங்கைக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ ஒயரை நம்ப மாட்டே" என்றார். "நீயே போட்ட ஒயரா இருந்தாலும் மறுநாள் மீட்டர் வச்சுப் பாப்பே. பாத்து நான் சிரிச்சிருக்கேன். என்ன புத்தி இவளுக்குன்னு பெருமையாக்கூட இருந்திருக்கு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நாலு விரல்னு சொன்னேன். அதை மட்டும் ஒரு தடவை வச்சுப் பாக்கணும்னு தோணலையா உனக்கு? நான் சொல்ற வார்த்தைக்கு ஒரு ஒயருக்கு இருக்கிற மதிப்புகூட இல்லையா?"

"தப்பு என்னுதுதான். ஒயரும் என்னுது, அன்னைக்குப் பேசின வாயும் என்னுது."

"கேபிள் தப்பு எனக்கு வலிக்கல. கொல்லப் பாத்தேன்னு சொன்னியே."

மாடி ஜன்னலில் கணவர் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.  

தங்கை மேலே பார்த்தாள். "கேட்டீங்களா?"

"கேட்டுச்சு." பிறகு சொன்னார்: "நீ மூக்கைத் துடை முதல்ல."

மூன்றே முக்காலுக்கே வேன் வந்துவிட்டது. வேன்காரர் ஒடிசலான ஆள், இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். அண்ணன் எதுவும் நடக்காததுபோல அறையிலிருந்து துணி மூட்டை, படுக்கை, ஸ்டவ் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டார். தங்கை வழியில் நின்றாள்.

"போகாதே அண்ணே."

"வாக்குக் குடுத்துட்டேன்."

"நான் வேணா அவங்களுக்குப் போன் பண்றேன்."

"நீ போன் பண்ணி என்னன்னு சொல்வே? விலகு."

கடைசியாக ஸ்பானர்கள் வைத்த இரும்புப் பெட்டி. ஆள் கனம். அண்ணன் ஒரு பக்கம், வேன்காரர் ஒரு பக்கம் பிடித்து, மூச்சைப் பிடித்து ஏற்றினார்கள். வேன்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"மச்சான்" என்று மேலிருந்து குரல் வந்தது. "மேல ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க. என்னால இறங்கி வர முடியாது."

அண்ணன் தயங்கினார். ஆறு வாரமாக அவர் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார்.

தங்கை கீழேயே நின்றாள். தானும் மேலே போகலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டாள். பேச்சுச் சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. முதலில் புருஷன் குரல் மட்டும் ரொம்ப நேரம். பிறகு ரெண்டும். ஒரு தடவை அண்ணன் உரக்க ஏதோ சொன்னார். கோபமா என்று பயந்தாள். வேன்காரர் டீ குடித்துவிட்டு வந்து, "நேரமாகுதும்மா, இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றார். "கொஞ்சம் இருங்க" என்றாள் அவள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னார். அவளும் மறுபடி அதையே சொன்னாள்.

அண்ணன் இறங்கி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேராக வேன்காரரிடம் போனார்.

"அண்ணாச்சி, பெட்டியை இறக்கணும்."

"இப்பத்தானே ஏத்தினோம்!"

"ஆமா, இப்பத்தான் ஏத்தினோம். உங்க கூலியில ஒண்ணும் குறைக்க மாட்டேன்."

வேன்காரர் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "துணிமணி எல்லாத்தையும் இறக்கித் தரேன். இதை மட்டும் என்னால ரெண்டாவது தடவை முடியாது சாமி."

அண்ணன் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கையைப் பார்க்காமலே பேசினார்.

"திங்கக்கிழமையிலேந்து மாப்பிள்ளையோட ரொட்டி வண்டியை நான் ஓட்டறேன். அவர் கால் ஊன்றற வரைக்கும். பம்புசெட்டுக் கடைக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன். அவர் கேட்டார். கொல்லப் பாத்தவன்னு ஊரே சொன்ன ஆளை நம்பி அவர் வண்டியைக் குடுக்கறார். அதுக்காக இருக்கேன். உனக்காக இல்ல."

"சரி."

"உன்கூட நான் இன்னும் பேசல."

"சரி அண்ணே. எப்பப் பேசுவே?"

"தெரியாது. நாளாகும்." மறு பக்கத்துக் கைப்பிடியைக் கண்ணால் காட்டினார். "முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு. ம், பிடி."

அவள் பிடித்தாள்.